இடம்பெயர்ந்த கர்ப்பிணித் தாய்மாரும் இரத்தச் சீனியும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையும் மண்சரிவும் மலைப்பகுதிக் குடும்பங்கள் பலவற்றை வீடுகளிலிருந்து வெளியேற்றின. நீங்கள் உக்குவளையில் ஓர் உறவினர் வீட்டில் இருக்கலாம், தற்காலிகக் கொட்டிலில் இருக்கலாம், புதிதாக ஒதுக்கப்பட்ட காணியில் அத்திவாரம் வெட்டிக்கொண்டிருக்கலாம். இந்தப் பக்கங்கள் உங்களில் கர்ப்பமாக இருப்பவர்களுக்கும், அவர்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் மாமியார், அம்மா, கணவன்மாருக்கும் எழுதப்பட்டவை.

வீடு, காணி, நட்டஈடு பற்றி இதே கைநூலின் மற்றப் பகுதிகளில் வாசித்திருப்பீர்கள். அவற்றில் ஒரு மாதம் தாமதம் வந்தாலும் பின்னர் சரிசெய்யலாம். கர்ப்பகாலச் சீனிப் பரிசோதனைக்கு அப்படி இல்லை. அதற்கு உரிய காலம் 24 முதல் 28 வாரம் வரை. ஏறத்தாழ ஒரு மாதம். அந்த மாதம் முகாமிலும் வரிசையிலும் கழிந்துவிட்டால், சீனி கூடியிருந்ததை யாரும் அறியாமலே பிரசவத்துக்குப் போகும் நிலை வரலாம்.

கர்ப்பகாலத்தில் சீனி ஏன் கூடுகிறது

சாப்பிட்ட சோறும் ரொட்டியும் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. கணையம் சுரக்கும் இன்சுலின் அந்தக் குளுக்கோஸை உடலின் கலங்களுக்குள் அனுப்புகிறது. கர்ப்பம் நடுப்பகுதியைத் தாண்டும்போது நஞ்சுக்கொடி சில ஹோர்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கும். அவை தாயின் உடலில் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கும். குழந்தைக்குப் போதுமான குளுக்கோஸ் கிடைக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. பெரும்பாலான தாய்மாரின் கணையம் இன்னும் அதிகமாக இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும். சிலருக்கு அது முடியாது. அப்போது வருவதே கர்ப்பகால நீரிழிவு, ஊர்ப் பேச்சில் ‘பிள்ளைத்தாச்சிச் சீனி’.

தாயின் இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. ஆகவே வரும் சீனியையெல்லாம் சமாளிக்கக் குழந்தை தன் சொந்தக் கணையத்தால் இன்சுலின் சுரக்க வேண்டியிருக்கிறது. இன்சுலின் வளர்ச்சியைத் தூண்டும் ஒன்று. குழந்தை கொழுப்புச் சேர்த்துப் பெரிதாகிறது, தோள்கள் அகலமாகின்றன, பிரசவத்தில் தலை வெளிவந்த பிறகு தோள் சிக்கும் அபாயம் உண்டாகிறது. பிறந்து தொப்புள்கொடி வெட்டப்பட்டதும் தாயிடமிருந்து சீனி வருவது நின்றுவிடும், ஆனால் குழந்தையின் கணையம் உடனே நிறுத்தாது. அதனால் முதல் சில மணித்தியாலங்களில் குழந்தையின் சீனி ஆபத்தான அளவுக்குக் குறையலாம். பிறந்த ஒரு மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்வதற்குப் பொதுவாகப் பல காரணங்கள் உண்டு. சீனி உள்ள தாய்க்கு இது இன்னொரு காரணம். தாய்க்கும் உயர் இரத்த அழுத்தம், சத்திரசிகிச்சைப் பிரசவம் ஆகியவற்றின் வாய்ப்பு கூடுகிறது.

“எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, தாகமில்லை, களைப்பில்லை” என்று பலர் சொல்வார்கள். உண்மைதான். இந்தச் சீனி பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. இரத்தப் பரிசோதனை இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

யாருக்கு வாய்ப்பு அதிகம்

கிளினிக்கில் முதல் நாள் உங்களை நிறுக்கிறார்கள், உயரம் அளக்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள், குடும்பத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். இது சும்மா எழுதி வைப்பதற்கல்ல. ஒவ்வொன்றும் ஒரு தடயம்.

நிறையை உயரத்தோடு ஒப்பிடும் உடற்திணிவுச் சுட்டி அவற்றில் முக்கியமானது. நிறையைக் கிலோவில் எடுத்து, மீற்றரில் எடுத்த உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் அந்த எண் வரும். 1.5 மீற்றர், அதாவது ஏறத்தாழ ஐந்தடி உயரமுள்ள ஒருவர் 52 கிலோ நிறை என்றால் அவருடைய சுட்டி 23. ஐரோப்பியருக்கு இது நல்ல எண். தெற்காசியர்களாகிய எங்களுக்கு 23 இலிருந்தே சீனி, பிரஷர் வாய்ப்புக் கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 52 கிலோ உள்ள ஒருவரைப் பார்த்து யாரும் ‘குண்டு’ என்று சொல்லமாட்டார்கள். அதனால்தான் கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

தோட்டங்களில் வேலை செய்யும் பெண்கள் பலர் மெலிந்தவர்கள். பால் வெட்டவும் கொழுந்து பறிக்கவும் மேடு பள்ளம் ஏறி இறங்குபவர்கள். “எனக்கெல்லாம் எங்கே சீனி வரப்போகுது” என்று அவர்கள் எண்ணுவது இயல்பு. இதற்குப் பதில் இந்தியாவின் புனே நகரிலிருந்து கிடைத்தது. அங்கே சித்தரஞ்சன் யாஜ்னிக் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் கிராமத்துத் தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புனேக் குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுடையது 3.5 கிலோ. தசையிலும் உறுப்புகளிலும் புனேக் குழந்தைகள் பின்தங்கியிருந்தார்கள். தோலுக்கடியிலுள்ள கொழுப்பில் மட்டும் அவ்வளவு குறைவில்லை. பார்க்க மெலிவு, உள்ளே கொழுப்பு. எடை குறைந்து பிறந்த பெண் குழந்தை வளர்ந்து தாயாகும்போது அவளுக்குச் சீனி வரும் வாய்ப்பு கூடுதல். தோட்டங்களில் எடை குறைந்த பிறப்பு நீண்டகாலமாகவே அதிகம். உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், நீங்கள் எத்தனை கிலோவில் பிறந்தீர்கள் என்று. தெரிந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ சலரோகம் இருப்பது, முந்திய கர்ப்பத்தில் சீனி இருந்தது, முந்திய பிள்ளை பெரிதாகப் பிறந்தது, காரணம் தெரியாமல் வயிற்றிலே பிள்ளை இறந்தது, 35 வயதைத் தாண்டியது, கல்யாணத்துக்கு முன்பே மாதவிடாய் ஒழுங்கில்லாமல் சூலகத்தில் கட்டிகள் என்று சொல்லப்பட்டது, பிரஷர் இருப்பது ஆகியவையும் தடயங்களே. கழுத்தின் பின்புறத்திலும் கக்கத்திலும் வெல்வெட் துணிபோலத் தடித்த கறுப்பு படர்ந்திருந்தால் அதையும் காட்டுங்கள். அது அழுக்கல்ல, தேய்த்தால் போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதை அது காட்டலாம். அதற்காக வெட்கப்பட்டுச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்ள வேண்டாம்.

இவற்றில் ஒன்றுமே இல்லாத தாய்க்கும் சீனி வருகிறது. அதனால்தான் இலங்கையில் சந்தேகமானவர்களை மட்டும் தெரிந்தெடுக்காமல் எல்லாக் கர்ப்பிணிகளையும் பரிசோதிக்கிறார்கள்.

எந்தப் பரிசோதனை, எப்போது

முதல் தடவை கிளினிக்கில் பதியும்போதே ஒரு இரத்தப் பரிசோதனை. கர்ப்பத்துக்கு முன்பே தெரியாமல் இருந்த சலரோகத்தைப் பிடிப்பதற்காக அது. அதில் எல்லாம் சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்தில் இன்னொரு தடவை செய்ய வேண்டும், ஏனென்றால் நஞ்சுக்கொடியின் ஹோர்மோன்கள் அப்போதுதான் உச்சத்தை நோக்கிப் போகின்றன. “முதலே பார்த்தாச்சு, சீனி இல்லையாம்” என்று இரண்டாவதைக் கைவிடுபவர்கள் உண்டு. இரண்டாவதே இந்தக் கட்டுரையின் முக்கிய விடயம்.

இரண்டாவது பரிசோதனையில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கத் தருவார்கள். முதல் நாள் இரவு வழமைபோலச் சாப்பிட்டு, பின்னர் குறைந்தது 8 மணித்தியாலம் தண்ணீர் தவிர வேறொன்றும் எடுக்காமல் போக வேண்டும். காலைத் தேநீரும் கூடாது, சீனி போடாததும் கூடாது. குடிக்க முன் ஒரு தடவை, குடித்து ஒரு மணித்தியாலத்தில் ஒரு தடவை, இரண்டு மணித்தியாலத்தில் ஒரு தடவை இரத்தம் எடுப்பார்கள். ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடியுங்கள். இடையில் கடைத்தெருவுக்குப் போகாமல் அங்கேயே இருங்கள். நடந்தால் சீனி இறங்கிப் பொய்யான முடிவு வரும். வாந்தி எடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், வேறொரு நாள் செய்யலாம். முடிந்ததும் சாப்பிட ஏதாவது கையோடு கொண்டு போங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2013 இல் வெளியிட்ட அளவுகளின்படி, வெறும் வயிற்றில் 92, ஒரு மணித்தியாலத்தில் 180, இரண்டு மணித்தியாலத்தில் 153 மில்லிகிராம். இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலும் அது கர்ப்பகால நீரிழிவு. சில வைத்தியசாலைகள் சற்று வேறுபட்ட எல்லைகளைப் பயன்படுத்துகின்றன. ஆகவே பக்கத்து வீட்டு அக்காவின் றிப்போட்டையும் உங்களுடையதையும் அருகருகே வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பவர்களுக்காக: 2008 இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 9 நாடுகளைச் சேர்ந்த 25,000 இற்கும் அதிகமான கர்ப்பிணிகளுக்கு இதே பரிசோதனை செய்து, பிள்ளை பிறக்கும்வரை கவனித்தார்கள். சீனி கூடக் கூட ஆபத்தும் படிப்படியாகக் கூடியது. “இதற்குக் கீழே பயமில்லை, மேலே பயம்” என்று பிரிக்கும் கோடு எதுவும் தென்படவில்லை. கோட்டை வைத்தியர்கள்தான் ஓரிடத்தில் போட்டார்கள். 91 வந்தவர் கொண்டாடவோ 93 வந்தவர் அழவோ தேவையில்லை. இருவரும் சாப்பாட்டைக் கவனிக்க வேண்டும், அவ்வளவே.

வெறும் வயிற்றோடு தூரத்திலிருந்து வருவது எல்லோருக்கும் முடிவதில்லை. எல்கடுவைப் பக்கத்து மேட்டிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்து வருபவருக்கு இது தெரியும். தமிழ்நாட்டிலும் இதே பிரச்சினை இருந்தது. சென்னையின் நீரிழிவு வைத்திய நிபுணர் வீ. சேஷய்யா இதற்கு ஓர் எளிய வழியை முன்வைத்தார். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கொடுத்து, இரண்டு மணித்தியாலத்துக்குப் பின் ஒரே ஒரு தடவை பார்ப்பது. 140 அல்லது அதற்கு மேல் என்றால் சீனி உண்டு. 2007 இல் தமிழ்நாட்டு அரசு கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சீனிப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. “வெறும் வயிற்றோடு வர முடியவில்லை, அதனால் வரவேயில்லை” என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். கஷ்டத்தைக் கிளினிக்கில் சொன்னால் நாளையோ முறையையோ மாற்றித் தர அவர்களால் முடியும்.

நம்பி ஏமாறக்கூடிய சில பரிசோதனைகளும் உண்டு. கிளினிக்கில் சிறுநீரில் சீனி பார்ப்பது வழமை. கர்ப்பகாலத்தில் சிறுநீரகம் சீனியை எளிதில் கசிய விடுவதால், சலரோகம் இல்லாதவரின் சிறுநீரிலும் சீனி தெரியலாம், இருப்பவரிடம் தெரியாமலும் போகலாம். ஆகவே ‘சிறுநீர் சரி’ என்பது போதாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி பரிசோதனை 6.5 அல்லது அதற்கு மேல் என்றால், முன்பே இருந்த சலரோகம் என்று கொள்ளலாம். ஆனால் அது சாதாரணமாக வந்தால் அதை நம்பிக் கர்ப்பகாலச் சீனியை விலக்க முடியாது. இரும்புச்சத்துக் குறைபாடும் அந்த எண்ணைக் குழப்பும். கொழுப்புப் பரிசோதனையும் அப்படித்தான். கர்ப்பத்தில் இரத்தக் கொழுப்பு இயல்பாகவே உயரும். நிவாரணப் பணத்தில் தனியார் ஆய்வுகூடத்தின் முழு உடல் ‘பெக்கேஜ்’ செய்வதைவிட அந்தக் காசுக்கு முட்டையும் பயறும் வாங்குவது நல்லது என்பது எமது அபிப்பிராயம்.

அட்டை தொலைந்திருந்தால்

கர்ப்பப் பதிவட்டை மண்ணோடு போய்விட்டது என்று பலர் கிளினிக்குக்கே போகாமல் இருக்கிறார்கள். ஏசுவார்களோ என்ற பயம் வேறு. அந்தப் பதிவு இரண்டு பகுதி கொண்டது. ஒன்று உங்களிடம், மற்றது உங்கள் பழைய பகுதியின் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது நாம் ‘மிட்வைப் மிஸ்ஸி’ என்று அழைப்பவரிடம். ஆகவே விபரம் முழுவதும் அழிந்துவிடவில்லை. இப்போது தங்கியிருக்கும் இடத்தின் மிஸ்ஸியிடம் போய், முன்பு எந்தத் தோட்டம், எந்தக் கிராம சேவகர் பிரிவு என்று சொல்லுங்கள். அவர் புதிய அட்டை எழுதித் தருவார், பழையவரோடு பேசி விபரத்தைப் பெறுவார். யார் என்று தெரியாவிட்டால் உக்குவளை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். சேவை இலவசம். காணி உறுதியோ நிரந்தர விலாசமோ தேவையில்லை. சிங்களம் பேச வராது என்றால் பேசக்கூடிய ஒருவரைக் கூட்டிப் போங்கள், ஆனால் பரிசோதனைத் திகதியை நீங்களே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசி மாதவிடாய்த் திகதி நினைவில்லையென்றால், தைப்பொங்கலுக்கு முன்னா பின்னா, பள்ளிக்கூடம் திறந்த நாளா என்று யோசித்துப் பாருங்கள். 24 வாரம் எப்போது என்று கணக்கிட அதுவே அடிப்படை. 28 வாரம் தாண்டிவிட்டதா? அப்படியானாலும் போங்கள். தாமதமாகச் செய்த பரிசோதனையும் செய்யாததைவிட மேல்.

நிவாரணச் சாப்பாட்டோடு எப்படிச் சமாளிப்பது

இங்கே நாம் கொஞ்சம் குற்றத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். எம்மைப் போன்ற அமைப்புகள் கொடுக்கும் பொதியில் அரிசி, கோதுமை மா, சீனி, பிஸ்கட், நூடில்ஸ் என்பவையே அதிகம். கெட்டுப்போகாது, வயிறு நிறையும். ஆனால் காலையில் பாண், பத்து மணிக்குப் பிஸ்கட்டும் சீனித் தேநீரும், பகலுக்குச் சோறு, இரவுக்கு ரொட்டி என்று போனால் நாள் முழுவதும் மாவுச்சத்து மட்டுமே.

பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. அது குழந்தைக்குக் கேடு. “ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு” என்பதும் சரியல்ல. சுட்டி இயல்பாக உள்ள தாய் கர்ப்பகாலம் முழுவதிலும் 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம், ஏற்கெனவே நிறை கூடியவருக்கு 7 முதல் 11.5 கிலோ போதும். சாப்பாட்டை மூன்று வேளையும் இடையில் இரண்டு மூன்று சிறு வேளையுமாகப் பிரியுங்கள். கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறு, கால்வாசி பருப்பு, முட்டை, மீன் அல்லது நெத்தலி. இடம்பெயர்ந்த வீட்டில் மரக்கறிக்கு எங்கே போவது? உக்குவளை மண் அதில் தாராளம்: முருங்கை, வல்லாரை, கங்குங், பலாமூசு, வாழைப்பூ. பொதியில் வரும் கௌபியும் கடலையும் பயறும்தான் அதிலே விலைமதிப்புள்ள பொருட்கள். பிஸ்கட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு அவித்த கடலையை நீங்கள் எடுங்கள். பலாப்பழம், ஈரப்பலா, மரவள்ளி, கிழங்கு எல்லாம் சோற்றுக்குப் பதிலாகத்தான், சோற்றோடு சேர்த்தல்ல.

கித்துள் பாணியும் கருப்பட்டியும் ‘இயற்கை’, அதனால் சீனி ஏறாது என்று நம்புபவர்கள் இங்கே நிறையப் பேர். அது தவறு. இரத்தத்துக்கு அதுவும் சீனிதான். கிளினிக்கில் தரும் திரிபோஷ சத்தானது, நிறுத்த வேண்டாம். ஆனால் அதில் சீனியும் தேங்காயும் போட்டு உருண்டை பிடிப்பதை விட்டு, கஞ்சியாகவோ தேங்காய்ப்பூ மட்டும் சேர்த்தோ எடுங்கள், அதை ஒரு சிறு வேளையாகக் கணக்கிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கவும் வேண்டாம், தேயிலை அதன் பயனைக் குறைக்கும்.

சாப்பிட்ட பின் 10, 15 நிமிடம் மெதுவாக நடப்பது சீனியை இறக்கும். சேறும் சரிவுமான இடமென்றால் கொட்டிலுக்குள்ளேயே நடக்கலாம். வைத்தியர் ஓய்வெடுக்கச் சொன்னவர்கள் இதைச் செய்ய வேண்டாம். ரமழான் நோன்போ விரதமோ பிடிக்க விரும்பும் சகோதரிகள், சீனி உள்ளதென்று சொல்லப்பட்டிருந்தால், தொடங்க முன் வைத்தியரிடம் கேளுங்கள்.

மருந்து தந்தால்

பலருக்கு உணவும் நடையுமே போதும். ஓரிரு வாரத்தில் வெறும் வயிற்றுச் சீனி 95 இற்குக் கீழும் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் 120 இற்குக் கீழும் வராவிட்டால் மெற்போமின் மாத்திரையோ இன்சுலின் ஊசியோ தருவார்கள். ஊசி போட்டால் வாழ்நாள் முழுவதும் போட வேண்டும் என்பது வீண் பயம். பெரும்பாலானோருக்குப் பிரசவத்தோடு நிறுத்தப்படும். இன்சுலின் குழந்தைக்குக் கடந்து போவதுமில்லை.

கொட்டிலில் குளிர்சாதனப் பெட்டி இருக்காது. உக்குவளை நுவரெலியாவுமல்ல, பகலில் தகரக் கூரைக்குக் கீழ் நன்றாகச் சுடும். பாவிக்கத் தொடங்கிய இன்சுலின் போத்தலை வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் வைத்திருக்கலாம். ஒரு மண்பானையில் ஈர மணல் போட்டு, அதனுள் சிறிய மண்சட்டியில் போத்தலை நனையாமல் மூடி வைத்து, மணலை ஈரமாகவே வைத்திருங்கள். திறக்காத போத்தல்களை மிஸ்ஸியிடமோ குளிர்பெட்டி உள்ள கடையிலோ கொடுத்து வையுங்கள். ஐஸோடு ஒட்டி வைத்து உறைந்துபோனதைப் பாவிக்கக்கூடாது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமானால் வியர்வை, நடுக்கம், தலைச்சுற்று வரும். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பிறகு சாப்பிடுங்கள். அந்த நேரத்தில் சீனிக்குப் பயப்பட வேண்டாம்.

குழந்தையின் அசைவு குறைந்தால், கடும் தலைவலியோடு கண் மங்கினால், முகம் திடீரென வீங்கினால், இரத்தம் அல்லது நீர் போனால் கிளினிக் நாள்வரை காத்திருக்காதீர்கள். 1990 இற்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். உங்கள் புதிய இடத்துக்குப் பெயர்ப்பலகை இல்லாமலிருக்கலாம். ஆகவே அருகிலுள்ள கோவில், பன்சலை, பள்ளிவாசல், பாலம் எது என்று இப்போதே வீட்டார் எல்லோரும் சொல்லிப் பழகுங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு

சீனி இறங்கிவிட்டது என்று வைத்தியசாலையில் சொல்லி அனுப்புவார்கள். பலருடைய கதை அங்கே முடிந்துவிடுகிறது, ஆனால் முடியக்கூடாது. கர்ப்பகாலச் சீனி வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரச் சலரோகம் வரும் வாய்ப்பு, வராதவரைவிட ஏழு முதல் பத்து மடங்கு. பிரசவத்துக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் அதே 75 கிராம் பரிசோதனையை இன்னொரு தடவை செய்ய வேண்டும். பிள்ளையின் தடுப்பூசி நாளும் அதே காலத்தில் வருவதால் இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கலாம். பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவது சீனி பாருங்கள், அடுத்த பிள்ளைக்கு எண்ணும்போது முன்கூட்டியே பாருங்கள். தாய்ப்பால் கொடுப்பது உங்கள் சீனிக்கும் நல்லது.

இந்தப் பக்கத்தின் ஓரத்தில் மூன்று திகதிகளை எழுதி வையுங்கள்: கடைசி மாதவிடாய், 24 வாரம் முடியும் நாள், பிரசவம் எதிர்பார்க்கும் நாள். கணக்கிடத் தெரியாவிட்டால் அடுத்த கிளினிக்குக்கு இந்தக் கைநூலையும் கொண்டுபோங்கள், மிஸ்ஸி எழுதித் தருவார்.